வித்துவிட்டு எப்படி நன்றி சொல்வது? மகளின் பொங்கல் கட்டுரை பற்றி ஒரு கேள்வி

தாமிரபரணிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கிராமம். நான் சென்னைக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. தீபாவளிக்குப் போகாமல் இருந்திருக்கிறோம், பொங்கலுக்கு ஒரு வருஷம்கூட விட்டதில்லை. 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கு நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுவோம், சில வருஷம் கிடைக்கும், சில வருஷம் ஆம்னி பஸ்தான். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் மகளின் வகுப்பில் ‘எங்கள் வீட்டுப் பொங்கல்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளையும் போல ‘பொங்கல் உழவர் திருநாள், சூரியனுக்கு நன்றி செலுத்தும் நாள்’ என்றுதான் ஆரம்பித்திருந்தாள். அப்புறம் பென்சிலைச் சீவியிருக்கிறாள் போல, எழுத்து மெல்லிசாகிவிட்டது. அதற்குக் கீழே இருந்ததை அப்படியே தருகிறேன்.

“எங்கள் தாத்தா வீட்டில் மாடு இல்லை. மாட்டுப் பொங்கல் அன்று தாத்தா டிராக்டருக்குச் சந்தனம் வைத்தார். நான் மாடு எங்கே என்று கேட்டேன். வித்தாச்சு என்று சொன்னார். வித்துவிட்டு எப்படி நன்றி சொல்வது? எனக்கு மிகவும் பிடித்தது பட்டாசலில் எல்லாரும் வரிசையாகப் படுப்பது. சூரியனுக்கு நன்றி சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.”

சென்னையில் பிறந்த பிள்ளை, ஹால் என்று எழுதாமல் பட்டாசல் என்று ஆச்சி சொல்கிற சொல்லை எழுதியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மனைவி அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அங்கேதான் பிரச்சினை. அப்பா படித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. தினமும் ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடுகிறவர் இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. என் அக்கா போன் போட்டு, ‘வளர்ப்பு சரியில்லல, நன்றி கெட்ட பேச்சு பேசுது பிள்ள’ என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பண்டிகையை எப்படிப் பார்க்கிறார்கள்? கும்பிடு, நன்றி சொல்லு என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்களா, தானாக வரும் என்று விட்டுவிடுகிறீர்களா?

கோபி அம்மா:

திருத்தி எழுதச் சொல்லாமல் விட்டீர்கள் பாருங்கள், அதுவே பெரிய விஷயம்.

எங்களிடம் இன்னும் இரண்டு கறவையும் ஒரு கன்றும் இருக்கின்றன. கொங்குப் பக்கம் போகியன்றே காப்புக் கட்டிவிடுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசல், கட்டுத்தறி, கிணற்றடி, தோட்டத்து மூலை என்று எல்லா இடத்திலும் செருகி வைப்பது. ஆனால் எங்களுக்குப் பெரிய நோம்பி மாட்டுப் பொங்கல்தான், பட்டிப் பொங்கல் என்போம். சாணத்தால் சின்னதாக வரப்புக் கட்டித் தெப்பக்குளம் செய்து, தண்ணீர் விட்டு, பூவெல்லாம் போட்டு, பொங்கல் வைத்துப் படைத்த பிறகு மாட்டை அதை மிதித்துக்கொண்டு போகும்படி ஓட்டுவோம். ‘பட்டி பெருகப் பால்பானை பொங்க’ என்று சத்தம் போட்டுக்கொண்டு எல்லாரும் சுற்றி வருவோம்.

என் மகன் 6 வயது வரைக்கும் இது எதையும் கண்டுகொண்டதில்லை. கரும்பைக் கடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பான். நானும் வா வந்து கும்பிடு, வா வந்து கும்பிடு என்று கத்திக் கத்தி ஓய்ந்துபோனேன். அடுத்த வருஷம் அவனுடைய அப்பாரு, அதாவது தாத்தா, ஒன்றும் பேசாமல் கன்றுக்குட்டிக் கயிற்றை அவன் கையில் கொடுத்து, ‘இதை நீ குளிப்பாட்டு கண்ணு, எனக்கு முதுகு வளையல’ என்றார். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி, வைக்கோலைச் சுருட்டித் தேய்க்க வேண்டும். காதுமடலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருந்தது, நான் வேண்டாம் என்பதற்குள் அப்பாரு காட்டிக்கொடுத்து அவனும் இரண்டு விரலால் பிடுங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கன்று திரும்பி அவன் முழங்கையை நக்கியது. மாட்டு நாக்கு அரம் மாதிரி இருக்கும் இல்லையா, பயந்து கையை இழுத்தவன் கொஞ்ச நேரம் கழித்து அவனே மறுபடி நீட்டினான். ‘அம்மா, இது எனக்குத் தேங்க்ஸ் சொல்லுதா?’ என்று கேட்டான். வேர்வையில் இருக்கிற உப்புக்காக நக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அப்போது அதைச் சொல்ல மனசு வரவில்லை.

இப்போது நோம்பியன்றைக்கு அவனைத் தேட வேண்டியதில்லை, கட்டுத்தறியில்தான் இருப்பான். நன்றி சொல்லு என்று அதற்கப்புறம் நான் சொன்னதே இல்லை. உங்கள் மகளுக்கு அப்படி ஒரு கன்று கிடைக்கவில்லை, அதுதான் அவள் எழுதியிருக்கிறாள். இதைப் போய் நன்றி கெட்ட பேச்சு என்று உங்கள் அக்கா சொன்னது எனக்கே வலிக்கிறது.

ஓய்வு ஆசிரியர், திருவாரூர்:

எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 34 வருடம் பள்ளியில் வேலை பார்த்தவன். மனசில் தோன்றிய பிறகுதான் செய்வேன் என்று பிள்ளைகளை விட்டால் பல் தேய்ப்பதுகூட நடக்காது. முதலில் கை கூப்பட்டும், மனசு பின்னால் வரும், சில பேருக்கு ரொம்பப் பின்னால் வரும்.

எங்களுக்குக் காவிரித் தண்ணீர்தான் எல்லாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டும். அது தள்ளிப் போனால் எல்லாம் தள்ளிப்போகும், தண்ணீரே போதாமல் போன வருடங்களும் உண்டு. அப்படி ஒரு வருடம், நான் ஐந்தாவது படிக்கிறேன், தை பிறந்தும் களத்தில் ஒரு மணி புது நெல் கிடையாது. அப்பா கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்தார், நெல் போடுகிறவன் கடையில் அரிசி வாங்குவது அந்தக் காலத்தில் எவ்வளவு தலைகுனிவு என்று உங்களுக்குத் தெரியும். வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்து, பொங்கல் வைத்து, கிழக்கே பார்த்து எல்லா வருடமும் போலவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். விளைச்சலே இல்லையே, எதற்குக் கும்பிடுகிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்தில் நின்று நானும் கையைத் தூக்கினேன், அடி விழும் என்பதால்.

அப்பா போன பிறகு, எனக்கு 41 வயதில், பொங்கலன்று நான் கையைத் தூக்கியபோதுதான் அவர் அன்றைக்கு நின்ற நிலை எனக்குள் வந்தது. அன்றைக்கு நான் கையைத் தூக்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. அதனால் மகள் கேட்பதைக் கேட்கட்டும், ஆனால் கும்பிடுகிற இடத்தில் அவளும் நிற்கட்டும்.

மூன்றாம் ஆண்டு மாணவி:

எனக்கு 20 வயசு. இங்கே எல்லாரும் அப்பா அம்மாவாக இருந்து பேசுகிறீர்கள், நான் பிள்ளையாக இருந்து சொல்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம்.

சின்ன வயதில் பொங்கலில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அந்த நன்றி சொல்கிற நேரம்தான். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் வரிசையாகப் போய்க் காலில் விழ வேண்டும், பொங்கல் காசு கொடுப்பார்கள், ‘தேங்க்ஸ் சொன்னியா, சத்தமாச் சொல்லு’ என்று பின்னாலிருந்து அம்மா சொல்வார். அன்றைக்கு ராத்திரி அம்மா எங்களிடம் இருந்து காசை வாங்கி, யார் எவ்வளவு கொடுத்தார்கள், நாம் அவர்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதுவார். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அந்தக் குடும்பத்தில் பேர் கெடக்கூடாது என்ற பயம் இருந்தது, அது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வயதில் நான் கற்றுக்கொண்டது, நன்றி என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கி.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு 10 வயது இருக்கும். பொங்கலன்று விடியக்காலை 4 மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். அப்பத்தா தனியாகக் குத்தவைத்து உட்கார்ந்து பித்தளைப் பானையைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். தை மாசக் குளிர், தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. ‘போய்ப் படு தாயி, இன்னும் விடியல’ என்றார். நான் போய்ப் படுத்துவிட்டேன். விடிந்ததும் வாசலில் பானை பொங்கியது, எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம், பெரியப்பா சங்கு ஊதினார், சூரியனைக் கும்பிட்டோம். திரும்பிப் பார்த்தால் அப்பத்தா அங்கே இல்லை. உள்ளே அடுப்படியில் மதியச் சமையலுக்குப் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்கேயோ இருக்கிற சூரியனுக்கு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அவரை யாரும் கூப்பிடக்கூட இல்லை.

அடுத்த வருஷம் 4 மணிக்கு நானே அலாரம் வைத்து எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பானை விளக்கினேன். நன்றி என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. கையைக் காட்டு என்று வாங்கிப் பார்த்து, என் விரலும் சுருங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு யாரை விட்டுவிட்டோம் என்பது டக்கென்று தெரிந்துவிடும் அண்ணா. நான் அப்பத்தா எங்கே என்று தேடினேன், உங்கள் மகள் மாடு எங்கே என்று தேடியிருக்கிறாள். ஆசிரியர் ஐயா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கும் 41 வயதில் ஞாபகம் வந்தது அவர் கடையில் அரிசி வாங்கி வந்து நின்றதுதானே? அடிக்குப் பயந்து தூக்கிய கை இல்லையே?

ஓய்வு ஆசிரியர், திருவாரூர்:

நீ சொல்வதை யோசித்துப் பார்த்தேன் அம்மா. இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பா அன்றைக்கு எதற்குக் கும்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு 31 வருடம் முன்னாலேயே புரிந்திருக்கும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கம்:

எங்கள் வீட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது. மாட்டுப் பொங்கலன்று காலையில் குளிப்பதற்கு முன்னால் கனுப்பிடி வைப்போம். மொட்டை மாடியில் மஞ்சள் செடியின் இலையை விரித்து, மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர் சாதம், முதல் நாள் சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, கரும்புத் துண்டும் வைத்துக் காக்காய்க்கும் குருவிக்கும் படைப்பது. கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் வைப்பது. அண்ணன் தம்பிகள் கனுச்சீர் என்று பணம் அனுப்புவார்கள்.

என் மகள் 11 வயதில் ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், ‘நான் அண்ணாவுக்கு வைக்கிறேன், எனக்கு யார் வைப்பா?’ அண்ணன் பணம் தருவான் என்றேன். ‘பணம் அப்பாதானே தரார், அவன் என்ன பண்ணினான்?’ என்றாள். எனக்குப் பதில் வரவில்லை, என் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா பழக்க வழக்கத்தில் ரொம்பக் கறார், கோபிக்கப்போகிறாள் என்று பயந்தேன். ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனவள், இன்னொரு மஞ்சள் இலையும் தூக்கக் கலக்கத்தில் இருந்த பேரனையும் கூட்டிக்கொண்டு வந்து, ‘உன் தங்கைக்கு நீ வை’ என்றாள். அவன் பிடித்த உருண்டை எதுவும் நிற்கவில்லை, எல்லாம் உதிர்ந்துபோயிற்று. காக்காய்க்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, முதலில் அவன் இலைக்குத்தான் வந்தது. மூன்று வருஷமாக இரண்டு இலை வைக்கிறோம்.

உங்கள் மகள் கேட்டதும் இந்த மாதிரிதான் என்று எனக்குப் படுகிறது. வெறுப்பில் கேட்கவில்லை, இதில் எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்கிறாள். அப்பாவிடம் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள், அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஸ்கார்பரோ:

நான் யாழ்ப்பாணம், இருப்பது கனடாவில். இங்கே பள்ளிக்கூடத்தில் அக்டோபர் மாதம் இரண்டாவது திங்கள் நன்றி நாள் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு காகித இலை கொடுத்து எதற்கு நன்றி என்று எழுதச் சொல்வார்கள். என் மகன் முதல் வருஷம் பீட்சா, பனி விழுந்து பள்ளி மூடுகிற நாள், அம்மம்மா என்று அந்த ஒழுங்கில் எழுதி வந்தான். நல்லதுதான், ஆனால் இலையை எழுதிச் சுவரில் ஒட்டினதோடு அது முடிந்துபோனது.

தைப்பொங்கலுக்கு இங்கே குளிர் சைபருக்குக் கீழே 15 வரைக்கும் போகும். ஊரில் என்றால் முற்றம் மெழுகிக் கோலம் போட்டு, மூன்று கல் வைத்துப் பொங்கி, நாங்கள் சின்னன்கள் சீனவெடி கொளுத்திப் போட்டுவிட்டு ஓடுவோம். இங்கே குசினிக்குள் கரண்ட் அடுப்பில்தான் புக்கை (பொங்கலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), புகை எழும்பினால் அலாரம் கத்தும். மகனுக்கு அப்போது 7 வயது. ‘இந்தச் சூரியன் சூடு தரேல்லையே அம்மா, இதுக்கு ஏன் நன்றி?’ என்று கேட்டான். எனக்கு உங்களைப் போலத்தான் வாய் அடைத்துப்போனது.

அவனுக்கு அம்மம்மாதான் பதில் சொன்னா. சொன்னா என்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் காலையில் யன்னலால் வெயில் விழுந்து தரையில் ஒரு சதுரமாகக் கிடக்கும். அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அந்தச் சதுரத்துக்குள் கதிரையைப் போட்டு இருப்பா, வெயில் நகர நகர அவவும் கதிரையை இழுத்து இழுத்து நகருவா. அவனைக் கூப்பிட்டு முழங்காலில் கையை வைக்கச் சொன்னா. அவ்வளவுதான். அடுத்த தைப்பொங்கலுக்கு வெயில் விழுகிற இடத்தைப் பார்த்து அவனே கதிரையைக் கொண்டுபோய் வைத்தான்.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், அதற்குள் நிறைய நடந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்து அம்மா சொன்னபடி நானே அப்பாவைக் கூப்பிட்டேன். அக்கா சொன்னதை எடுக்கவே இல்லை, போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் நேராக, ‘தாத்தா, வித்த மாட்டுக்கு என்ன பேரு?’ என்று கேட்டாள். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 40 நிமிஷம் பேசினார்கள். கடைசி ஜோடி மயிலையும் செவலையும். செவலைக்கு இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்குமாம், வண்டியில் இடப்பக்கம்தான் பூட்டவேண்டுமாம், மாற்றிப் பூட்டினால் நகராதாம். அறுவடைக்கு மிஷின் வந்த பிறகு வைக்கோல் நொறுங்கிப்போய் மாடு சரியாகத் தின்னவில்லை, உழவுக்கும் டிராக்டர் வந்துவிட்டது, அப்பாவுக்கு மூட்டு வலியும் சேர்ந்துகொண்டது. மேலப்பாளையம் சந்தைக்கு அவரே ஓட்டிக்கொண்டு போய் விற்றிருக்கிறார். நான் அப்போது சென்னையில் இருந்தேன், ‘மாட்டைக் கொடுத்தாச்சு’ என்று ஒரு வரியில்தான் எனக்குச் சொன்னார், நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படி வித்தீங்க, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. மகள் கேட்டாள், ‘அழுதீங்களா தாத்தா?’ என்று. ‘அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல’ என்றாராம். இவள் எழுதியதில் அவருக்குக் கோபமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததைப் பேத்தி நோட்டில் எழுதிவிட்டாள்.

அப்புறம் ஆச்சி போனை வாங்கினார். சிறுவீட்டுப் பொங்கலைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் பக்கம் மார்கழி முழுக்கப் பெண்பிள்ளைகள் வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்கள், அந்தப் பூவோடு வறட்டி தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள், தை பிறந்ததும் முற்றத்தில் மண்ணால் குட்டி வீடு கட்டி, அதில் சின்னப் பானையில் பொங்கி, வறட்டியையும் பொங்கலையும் ஆற்றுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அக்காவுக்குக் கட்டியதுதான் எங்கள் வீட்டில் கடைசி, அதற்கப்புறம் 30 வருஷமாக இல்லை. இந்த வருஷம் கட்டிக் கொடுக்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்று என் மகன் கேட்டதற்கு, ‘மண்ணு குழைக்க ஆள் வேணும்லா, நீயும் வா’ என்றிருக்கிறார்.

மார்கழி பிறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. சாணிக்குப் பக்கத்துத் தெருப் பால்காரரிடம் சொல்லிவிட்டேன், மூன்றாவது மாடி வீட்டு வாசலில் ஒரு பலகை போட்டு அதில் கோலம் போட மனைவி ஏற்பாடு செய்துவிட்டாள். பூசணிப்பூதான் கிடைக்கவில்லை. வளசரவாக்கம், போரூர் பக்கம் எங்காவது கிடைக்குமா?

மூன்றாம் ஆண்டு மாணவி:

கோயில் வாசல் பூக்கார அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள் அண்ணா, எனக்கு எங்கள் ஹாஸ்டல் பக்கம் அப்படித்தான் கிடைத்தது. காலையில் சீக்கிரம் போய் வாங்குங்கள், வெயில் ஏறினால் பூ வாடிவிடும். கிடைக்காத அன்றைக்குச் செம்பருத்தியோ பூவரசம்பூவோ வைக்கலாமா என்று ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள்.